சாம்பிள் ரூமில் ஒரு நடிகை

இரும்புத் தட்டின் முன்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

தட்டு என்றால் சாப்பிடுகிற தட்டு இல்லை. இரண்டு பேர் தாராளமாகப் படுத்துக்கொள்ளலாம், அந்த அளவுக்குத் தரையில் பதித்த இரும்புத் தகடு. அதன் நடுவில் அரை மூட்டைப் பழுப்பு நிலக்கரி, இடித்துப் பொடியாக்கியது, கொட்டிக் கிடந்தது. மழை பெய்து ஓய்ந்த தோப்பில் வருகிற மாதிரி ஒரு வாசனை அறை முழுக்க இருந்தது. ஈரக் கரியின் வாசனை அது.

எதிரில், வேறொரு லேபிலிருந்து வந்திருந்த தேர்வு அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் எங்கள் சூப்பர்வைசர் தேவராஜ் சார். நானும் என்னோடு வேலை செய்யும் ராணியும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றோம். ராணி என் கையைப் பிடித்திருந்தாள். வாயாடி என்று பேர் வாங்கியவள் அவள்.

“ஆரம்பிக்கலாம்மா” என்றார் அதிகாரி.

அவள் குனிந்து ஷவலை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள்.

அந்த ஷவலால் அவள் அதுவரை ஒரு பிடிக் கரியைக்கூடத் தள்ளியதில்லை. அறையில் இருந்தவர்களில் எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் அது தெரியும். அன்று அவள் தேறாவிட்டால் வேலை பெர்மனென்ட் ஆகாது. ஆகாவிட்டால் அவளும் அவள் அம்மாவும் குடியிருக்கும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அந்த நிலைமைக்கு அவளைக் கொண்டுவந்து நிறுத்தியது நாங்கள்தான். நானும் ராணியும்.

அதற்கு ஒரு வருடம் முன்புவரை அந்தப் பெண் சினிமாவில் கதாநாயகி.

பேர் போடக் கூடாது

அவளைப் பற்றி இந்தத் தொடரில் எழுதலாமா என்று போனில் கேட்டேன்.

“எழுதுங்கக்கா. சினிமாப் பேர மட்டும் போட்டுடாதீங்க. மறுபடியும் ஃபேன் ரிப்பேர் பண்ண வந்துடுவாங்க” என்றாள்.

ஃபேன் கதையைப் பிறகு சொல்கிறேன். வீட்டில் வைத்த பேரையும் மாற்றி, மலர்விழி என்று வைத்துக்கொள்கிறேன். எங்களுக்கு அவள் மலர்.

நான் பத்தாவது வரை படித்தவள். நெய்வேலியைச் சுற்றியிருக்கும் கிராமங்களில் ஒன்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். என் அம்மா நடவுக்கும், அது இல்லாத நாளில் முந்திரிக் கொட்டை உடைக்கவும் போனவள். நான் காண்ட்ராக்டில் சாம்பிள் ரூமுக்குப் போனேன். மலர் வந்தபோது எனக்கு அங்கே பதினாலு வருடம் முடிந்திருந்தது.

யாராவது உற்றுப் பார்த்தால் எனக்குக் கை கால் ஓடாது. என் கல்யாண போட்டோ எல்லாவற்றிலும் என் தலை வகிடுதான் தெரியும். சாம்பிள் ரூம் எனக்குப் பிடித்துப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே கரியைப் பார்க்கத்தான் வருவார்கள்.

ஒரு மூட்டை, ஒரு பிடி

வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெல்ட்டில் வரும் கரியில் எவ்வளவு ஈரம், எவ்வளவு சாம்பல் என்று லேபில் பார்ப்பார்கள். அதற்காக மைன்ஸிலிருந்து மூட்டை மூட்டையாக எங்களிடம் வரும். மூட்டையை அப்படியே அடுப்பில் வைக்க முடியுமா? ஒரு பிடியாகக் குறைக்க வேண்டும். ஆனால் அந்த ஒரு பிடி, மூட்டை முழுவதும் எப்படியோ அப்படியே இருக்க வேண்டும்.

பொடியைக் கூம்பாகக் குவிப்போம். பலகையால் தட்டி வட்டமாகப் பரப்புவோம். குறுக்கும் நெடுக்கும் கோடு இழுத்து நாலு பங்காக்குவோம். எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளிவிட்டு, மிச்ச இரண்டைக் கலந்து மறுபடி குவிப்போம். மறுபடி நாலு பங்கு. இப்படியே குறைத்துக்கொண்டு போனால் கடைசியில் ஒரு சின்ன டப்பாவுக்குள் அடங்கும்.

கேட்பதற்குச் சுலபம். ஆனால் எங்கள் கரியில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீர். யோசித்துக்கொண்டு நின்றால் ஈரம் காற்றோடு போய்விடும். கை நின்றால் கணக்குத் தப்பு.

கடைசி வரிசையில் ஓர் அப்பா

மலரின் அப்பா முருகேசன் அண்ணன் கன்வேயர் பெல்ட்டில் வேலை செய்தார். மூட்டைகளை எங்கள் ரூமுக்குக் கொண்டுவந்து இறக்குவார். எங்களை ஒரு மூட்டை தூக்க விட்டதில்லை. “நவுருங்க நவுருங்க, இடுப்பு புடிச்சிக்கும்” என்று தானே இழுத்துப் போடுவார்.

அவருக்கு ஒரே பெண். டவுன்ஷிப் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் நடித்ததை யாரோ பார்த்து, அவர் இன்னொருவரிடம் சொல்லி, இரண்டு மூன்று வருடத்தில் அவள் படத்தில் இருந்தாள். எப்படி நடந்தது என்று அண்ணனுக்கே கோர்வையாகச் சொல்ல வராது. “கூப்ட்டாங்க, போச்சி” என்பார்.

இரண்டாவது படம் நெய்வேலி தியேட்டருக்கு வந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் ராணியும் போனோம். அதில் ஒரு காட்சி. மழையில் பஸ் ஸ்டாண்டில் தனியாக நிற்பாள். பஸ் வந்து நின்று போய்விடும். அவள் ஏற மாட்டாள். ஒன்றும் பேசாமல், போகிற பஸ்ஸைத் திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள். தியேட்டரில் ஒரு சத்தம் இல்லை. தினமும் பஸ் ஏறுகிறவள் நான். ஏறாமல் நிற்பதில் இவ்வளவு இருக்கிறதா என்று நினைத்தேன்.

ராணிதான் அமைதியைக் கெடுத்தாள். “எங்க முருகேசன் அண்ணன் பொண்ணுடா!” என்று கத்தினாள். பின்னால் திரும்பிப் பார்த்தால் கடைசி வரிசையில் அண்ணன். யூனிபார்மைக்கூடக் கழற்றவில்லை. ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறார்.

“கத்தாத புள்ள, ஆளுங்க பாக்கறாங்க” என்று அங்கிருந்தே கையை ஆட்டினார். ஆனால் எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான் அவர் முகம் சொன்னது.

மூன்றாவது படமும் வந்தது. நாலாவது படத்துக்குப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம், ஒரு விடியற்காலை ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குக் கிளம்பி, ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. மாரடைப்பு.

வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்தால் வாரிசுக்கு வேலை கிடைக்கும் என்பது நெய்வேலியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். யார் வருவார்கள் என்று எங்களுக்குள் பேச்சு. அண்ணனின் மனைவி வருவார் என்றேன் நான். மலர் வருவாள் என்று யாருமே நினைக்கவில்லை.

முகத்தில் கரி படலாமா?

அவள் வந்த அன்று, சாம்பிள் ரூமைப் பண்டிகைக்குக் கழுவுவதுபோல் கழுவினோம். தேவராஜ் சாரின் ரூமிலிருந்து ஒரு நாற்காலி கேட்டு வாங்கி, ஈரத் துணியால் துடைத்து, ஜன்னல் ஓரம் போட்டேன்.

சாதாரணச் சுடிதாரில், எண்ணெய் வைத்து வாரிய தலையோடு வந்து நின்றாள். “நான் மலருங்க. அப்பா உங்களப் பத்தி நெறையச் சொல்வாரு” என்றாள். அந்தக் குரலைக் கேட்டு எங்கள் இருவருக்கும் திகைப்பு. படத்தில் கேட்ட குரல் இல்லை. படத்தில் பேசியது வேறு யாரோ என்று அப்புறம்தான் தெரிந்தது.

முதல் வாரத்திலேயே அவள் ஷவலைத் தொட்டாள். ராணி பாய்ந்து பிடுங்கினாள்.

“ஐய்யய்யய்ய, வையி வையி! இந்த மூஞ்சில கரி படலாமா? பாக்கறவங்க எங்களக் காறித் துப்புவாங்க.”

“நான் கத்துக்கணுமே அக்கா.”

“நீ அந்தச் சீட்டெல்லாம் எழுது கண்ணு. ஒன் கையெழுத்து முத்து முத்தா இருக்குது.”

அதிலிருந்து அவள் வேலை, மூட்டைக்குச் சீட்டு எழுதிக் கட்டுவது. மற்ற நேரமெல்லாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நாங்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பது. தூசு பறந்தால் நான் நடுவில் போய் நின்று மறைப்பேன். பெரிய உபகாரம் செய்வதாக நினைப்பு எனக்கு.

முதல் ஒரு வருடம் அவள் டிரெய்னி; டிரெய்னிக்கு ஒரு டைரி கொடுத்திருந்தார்கள். அந்த வாரம் என்ன செய்தோம் என்று சனிக்கிழமை எழுத வேண்டும். ராணிதான் சொல்லச் சொல்ல எழுத வைப்பாள்.

“‘சாம்பிள் குவித்துப் பங்கு பிரித்தேன்’னு எழுது.”

“நான் பண்ணலியேக்கா.”

“கூட இருந்த இல்ல? இருந்தாப் பண்ண மாதிரிதான். எழுது.”

மாதக் கடைசியில் தேவராஜ் சார் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். நல்ல மனிதர். லேபுக்கும் எங்கள் ரூமுக்கும் நடுவில் நாலு கதவு. எங்கள் கூத்து அவருக்கு எப்படித் தெரியும்?

ஓடுகிற ஃபேன்

நடிகை வந்திருக்கிறாள் என்ற செய்தி கேன்டீன் வரை போனது. வராத மூட்டைக்கு ஆள் வந்தான். வந்த மூட்டையைத் தூக்க நாலு பேர் வந்தார்கள். ஒரு எலக்ட்ரீஷியன் ஃபேன் சரியில்லை என்று கம்ப்ளெயின்ட் வந்ததாக மூன்று நாள் தொடர்ந்து வந்தான். ஃபேன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பான், அப்படியே நாற்காலிப் பக்கம் பார்ப்பான்.

மூன்றாம் நாள் ராணி சொன்னாள்: “தம்பி, ஃபேனு நல்லாத்தான் சுத்துது. நீதான் நின்னுட்ட. ஒன்னத்தான் ரிப்பேர் பண்ணணும்.”

மலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வந்து மூன்று மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

உண்மையைச் சொல்ல வேண்டும். எங்களுக்குள் இன்னொன்றும் இருந்தது. சாயந்திரம் பஸ்ஸில் போகும்போது ராணி சொல்வாள்.

“பதினாலு வருசமா நம்ம தட்டிகினு இருக்கோம். இது வந்து ஒக்காந்துது, அடுத்த வருசம் பெர்மனென்டு.”

“அவ அப்பன் செத்ததுக்குக் குடுத்தது, ராணி.”

“நம்ம அப்பனுங்க மட்டும் சாவலியா? வரப்புல செத்தானுங்க. அதுக்கு யாரு ஆர்டர் குடுக்கறது?”

அந்தக் கசப்பு எனக்குள்ளும் இருந்தது. ஆனால் மறுநாள் காலையில் அதே ராணி ஃபேனை அவள் பக்கமாகத் திருப்ப முடியுமா என்று பார்ப்பாள். சீலிங் ஃபேனை எப்படித் திருப்புவது? அதனால் நாற்காலியை ஃபேனுக்குக் கீழே நகர்த்திப் போடுவாள்.

ஒருமுறை காடாம்புலியூர்ச் சொந்தக்காரர் கொடுத்த பலாச்சுளையை எடுத்துக்கொண்டு அவர்கள் குவார்ட்டர்ஸுக்குப் போயிருந்தேன். மலரின் அம்மா தோட்டத்தில் முருங்கைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

“நாங்க பொறந்த ஊரு இருந்த எடத்துல இப்ப மைன்ஸுதான் அஞ்சல. அவங்கப்பா ஊரும் அப்படித்தான். இந்த வூட்ட வுட்டா எந்தப் பக்கம் பாத்து நடக்கறதுன்னு எனக்குத் தெரியாது” என்றார். சொல்லிவிட்டு, “இவ எல்லாம் நல்லாக் கத்துக்கிறாளா?” என்று கேட்டார்.

“ம்” என்றேன். அந்த ஓரெழுத்துப் பொய்யை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

புதன்கிழமைக் கடிதம்

பத்தாவது மாதம், ஒரு புதன்கிழமை, செய்முறைத் தேர்வுக்குக் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை தேர்வு. ஒரு மூட்டையை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பாதியை அவள் தனியாகச் செய்ய வேண்டும். இன்னொரு பாதியை எங்கள் லேப் மேடம் செய்வார். ஈரக் கணக்கு இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ராணி மட்டும் அசரவில்லை.

“ஒண்ணும் பயப்படாத கண்ணு. நாங்க முன்னாடியே பிரிச்சி டப்பாவுல போட்டு மறைச்சி வெச்சிடறோம். அந்தாளு அந்தப் பக்கம் திரும்பறப்ப நீ எடுத்துக் குடுத்துடு.”

மலர் எழுந்து நின்றாள். பத்து மாதத்தில் குரலை உயர்த்தாதவள்.

“வேணாங்க்கா. ஒரு துண்டு கரியத் தொட விட்டீங்களா என்ன? நான் பெர்மனென்ட் ஆயிட்டா உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர அனுப்பிடுவாங்கன்னு பயம் உங்களுக்கு. நான் ஃபெயிலாவணும். அதானே? நேராவே சொல்லியிருக்கலாமே.”

ராணியின் வாய் திறந்தது.

“அடிப் பாவி! ஒன் மூஞ்சிக்காவடி! ஒன் மூஞ்சில கரி படக் கூடாதுன்னுதாண்டி!”

“மூஞ்சிக்கா?”

“என்னிக்கானா மறுபடியும் சினிமாவுக்குக் கூப்டுவாங்க, போவ. அப்ப இந்தத் தோலு வேணுமேன்னு...”

மலர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. அப்புறம் சிரித்தாள்.

“சோப்பு போட்டாப் போற கரிக்கா இவ்ளோ பண்ணீங்க? நான் எங்கயும் போகலக்கா. போற மாதிரி இருந்தா எதுக்கு இங்க வந்து ஒக்காரப் போறேன்?”

நான்தான் பேசியிருக்க வேண்டும். தப்பு எங்களுடையது என்று ஒரு வார்த்தை. வழக்கம்போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாளைக்குக் காலை முதல் சாயந்திரம் வரை அவள் கையால் பழகட்டும், வெள்ளிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

வியாழக்கிழமை காலை நாங்கள் ரூமைத் திறந்து பத்து நிமிடம் ஆகவில்லை. அதிகாரி வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை அவருக்கு வேறு வேலை வந்துவிட்டதாம்.

அவள் செருகியது

ஷவலை எடுத்த மலர் அசையாமல் நின்றாள் என்று சொன்னேன் அல்லவா? அவ்வளவு நேரம் நின்றிருக்க மாட்டாள். எனக்கு அது ஒரு ஷிப்ட் மாதிரி இருந்தது. மேடம் தன் பாதியை அடுத்த ரூமில் ஆரம்பித்துவிட்ட சத்தம் கேட்டது. இங்கே ஈரம் போய்க்கொண்டிருந்தது. தேவராஜ் சார் கடிகாரத்தைப் பார்த்தார்.

மலர் ஷவலைக் கீழே வைத்தாள்.

போச்சு, என்று ராணியின் விரல்கள் என் கையில் பதிந்தன.

மலர் வலது கையைப் பின்பக்கம் கொண்டுபோனாள். எதையோ பிடித்தாள். இடுப்பைச் சுற்றி முன்னால் இழுத்து, இடது இடுப்பில் செருகினாள். செருகியதை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். அவள் போட்டிருந்தது சுடிதார். மேலே சாம்பல் நிறக் கோட்டு. கையில் ஒன்றுமே இல்லை. காற்றைத்தான் இழுத்துச் செருகினாள்.

பிறகு ஷவலை எடுத்தாள். கை ஓட ஆரம்பித்தது.

எப்படிச் சொல்வது? இடது காலை முன்னால் வைத்து, குதிகாலை மட்டும் லேசாகத் தூக்கிக்கொண்டாள். ஒவ்வொரு ஷவலையும் கூம்பின் உச்சியில் நேராகக் கவிழ்த்தாள். ஒரு சின்னக் கட்டி உருண்டு வந்தபோது “த்ச்” என்று நாக்கைத் தட்டி, இரண்டு விரலால் நசுக்கிப் போட்டாள். முகத்தில் விழுந்த முடியைக் கையால் ஒதுக்காமல் கீழுதட்டால் மேலே ஊதினாள். பலகையை எடுத்து மூன்று தட்டு. ஒரு நொடி. நாலாவது தட்டு. கோடு. தள்ளு. கல. மறுபடியும் இடுப்பில் அந்தச் செருகல். மறுபடியும் கூம்பு.

“ஐயோ அஞ்சல” என்று ராணி என் காதில் மூச்சு விட்டாள். “அது நீடி!”

நானா? நான் கட்டியை நசுக்கும்போது நாக்கைத் தட்டுவேனா? நாலாவது தட்டுக்கு முன்னால் நிற்பேனா? எனக்குத் தெரியாது. என் வாழ்க்கையில் நான் என்னைப் பார்த்ததே இல்லை. பதினாலு வருடம் தினமும் செய்த வேலை எனக்கு எதிரில் நடந்தது, என்னைவிட இருபது வயது சின்ன உடம்பில். அழகாக வேறு இருந்தது. அதுதான் என்னைத் திக்குமுக்காட வைத்தது. கரி தட்டுவது பார்க்க அப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

மூன்றாவது முறை அவள் காற்றைச் செருகியபோது அதிகாரிக்குப் பொறுக்கவில்லை.

“என்னம்மா அது, சும்மா சும்மா இடுப்புல என்னத்தச் சொருகுற?”

“அது இல்லாம அடுத்தது வர மாட்டேங்குது சார்.” அவள் தலை நிமிரவில்லை. கையும் நிற்கவில்லை.

“யாரப் பாத்துக் கத்துக்கிட்ட?”

அவள் பலகையால் தட்டிக்கொண்டே இருந்தாள். தேவராஜ் சார்தான் மெதுவாக என் பக்கம் திரும்பினார். அதிகாரியும் திரும்பினார். இருவரும் என் இடுப்பைப் பார்த்தார்கள். நானும் குனிந்து பார்த்தேன். என் முந்தானை இடது இடுப்பில் செருகியிருந்தது. எப்போது செருகினேன் என்று எனக்கே தெரியவில்லை.

ராணியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அந்த ஒரு மணி நேரம்

டப்பாவிலிருந்து எடை போட்டு எடுத்த கரியை, மேடத்தின் கரியோடு சேர்த்து ஒரே அடுப்பில் வைத்தார்கள். ஈரம் முழுவதும் போக ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை எல்லோரும் வெளியே.

வாதாமரத்தடியில் மலர் உட்கார்ந்திருந்தாள். நெற்றியிலும் மூக்கிலும் கரி. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பத்து மாதமாகக் கேட்க நினைத்து, வாய் வராமல் இருந்ததைக் கேட்டேன்.

“ஏன் கண்ணு சினிமாவ வுட்ட?”

“அம்மாவுக்கு வூடு வேணும்” என்றாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அது மட்டும்னு சொன்னாப் பொய்க்கா” என்றாள்.

“யாரானா ஏதானா சொன்னாங்களா?”

“அதெல்லாம் இல்லக்கா. எல்லாரும் நல்லாத்தான் பாத்துகிட்டாங்க. ஆனா நான் நல்லாப் பண்ணனா இல்லையான்னு எனக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. ஒருத்தரு சூப்பர்ம்பாரு. அதே சீன இன்னொருத்தரு மூஞ்சி சரியில்லம்பாரு. குரல் வேற ஒருத்தங்களது. தியேட்டர்ல கைதட்டுவாங்க, எதுக்குத் தட்டுறாங்கன்னு புரியாது. எனக்கா, மழைக்கா, பாட்டுக்கா?”

லேப் கதவைக் காட்டினாள்.

“இதப் பாருங்க. இன்னும் அர மணி நேரம். தராசு சொல்லிடும். என் மூஞ்சி அதுக்குத் தெரியாது.”

பயமாக இல்லையா என்று கேட்டேன்.

“செத்துகிட்டு இருக்கேன்” என்றாள். சிரிக்கவில்லை. கையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டிருந்தாள். நகக்கண்ணெல்லாம் கறுப்பு.

“எப்படி கண்ணு, ஒரு தரம்கூடச் செய்யாம...”

“பத்து மாசம் உங்களத்தானே பாத்துகினு இருந்தேன்? எனக்கு வேற என்ன வேல இருந்துச்சி? ராணியக்கா ஒரு நாளைக்கு ஒரு மாதிரி பண்ணுவாங்க. நீங்க என்னிக்கும் ஒரே மாதிரி. அதான் உங்களப் புடிச்சிகினேன்.” எங்கள் பேச்சு அவள் வாயில் அப்படியே வந்தது. அதையும் எப்போது எடுத்துக்கொண்டாள் என்று தெரியவில்லை.

தியேட்டரில் அந்த பஸ் ஸ்டாண்ட் காட்சியைப் பார்த்தபோது வந்த பிரமிப்பு பெரியது என்று நினைத்திருந்தேன். இதற்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

தராசு

உள்ளே கூப்பிட்டார்கள். சூடு ஆறிய பிறகு எடை போட்டார்கள். மேடம் தன் கணக்கை வாசித்தார். அதிகாரி மலருடையதைப் போட்டார். ஒருமுறை போட்டுவிட்டு, அடித்துவிட்டு, மறுபடி போட்டார். ராணி முணுமுணுவென்று எல்லா சாமியையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“புள்ளிக்கு முன்னாடி ஒரே நம்பர். பின்னாடிதான் கொஞ்சம் வித்தியாசம்” என்றார் அதிகாரி. “போதும்மா. நல்லாவே இருக்கு.”

மலர் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ராணி, மேலதிகாரி இருக்கிறார் என்றும் பார்க்காமல், “முருகேசன் அண்ணே!” என்று கத்தினாள்.

வெளியே போகும்போது தேவராஜ் சார் அதிகாரியிடம், “இந்தப் பொண்ணு மூணு படத்துல ஹீரோயின் சார்” என்றார்.

அவர் நின்று மலரைப் பார்த்தார். “அப்படியா? நான் சினிமா பாக்கறதில்ல” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அதைக் கேட்டு மலர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, எந்தப் படத்திலும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

அன்று சாயந்திரம் ராணி பஸ்ஸில் ஏறவில்லை. குவார்ட்டர்ஸுக்கு அவளோடு போய், அந்த அம்மாவிடம் தானே சொல்ல வேண்டும் என்று அடம்பிடித்துப் போனாள். என்னையும் கூப்பிட்டாள். வெட்கமாக இருந்தது. எல்லோரும் என்னைப் பற்றிப் பேசுவார்கள். நான் பஸ்ஸில் வந்துவிட்டேன்.

மறுநாள் காலை முதல் மூட்டை என் முறை. கொட்டினேன். ஷவலை எடுத்தேன். கை ஓடவில்லை. எந்தக் கால் முன்னால் போகும்? எத்தனை தட்டு? பதினாலு வருடம் யோசிக்காததை எல்லாம் யோசித்துக்கொண்டு, இரும்புத் தட்டின் முன்னால் புதிதாக வந்தவள் மாதிரி நின்றேன்.

எதிர்ப்பக்கம் மலர் பலகையோடு குந்தியிருந்தாள். அதற்குள் கன்னம் வரை கரி.

“அக்கா” என்றாள் மெதுவாக. “முந்தானை.”

இழுத்துச் செருகினேன். கை ஓட ஆரம்பித்தது.